உலகநாதன், ம.

மரகதம் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று காலையில் பார்த்தாள், தன்னுடைய அறிக்கையின் மேற்கோள் பட்டியலில்.

சாயக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கி மனிதர்களின் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதைப் பற்றிய அறிக்கை அது. கொங்குப் பக்கத்தில் ஓடைக்கரை என்ற ஊரின் கிணறுகளில் பத்து வருஷமாகத் தண்ணீர் மொண்டு சோதித்து அவள் கண்டுபிடித்ததெல்லாம் அதில் இருந்தது. சாய ஆலைமேல் ஊர்க்காரர்கள் போட்ட வழக்கில், திங்கட்கிழமை நிறுவனத்தின் பேரில் தீர்ப்பாயத்தில் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். அச்சுக்கோக்கும் கணினி நிரலில் ஏற்றி ஓட்டினாள். பிழை எதுவும் இல்லை என்று நிரல் சொன்னது. பழக்கதோஷத்தில் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். இரண்டு வருஷம் முன்பு வரை அவள் எழுதி வெளிவந்த கட்டுரைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் 'உலகநாதன், ம.' என்ற பெயர். பெயருக்குப் பக்கத்தில் நகத்தளவு படம். நெற்றி நிறையத் திருநீறு, கறுப்புச் சட்டமிட்ட கண்ணாடி, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை.

தலைமுடி முழுக்க நரைத்துவிட்டதே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தப்பு நடந்திருக்கிறது என்பது அதற்கு அப்புறந்தான் உறைத்தது.

மேற்கோள் பட்டியலில் படம் போடும் ஏற்பாடு புதிது. கொஞ்ச காலம் முன்னால் உலகத்து ஆராய்ச்சி இதழ்களெல்லாம் இயந்திரங்கள் எழுதிக் குவித்த கட்டுரைகளால் நிரம்பிப்போயிருந்தன. இல்லாத ஆய்வகத்தில், இல்லாத எலிகளுக்கு, இல்லாத மருந்தைக் கொடுத்துக் குணமாக்கியதாக ஒரு இயந்திரம் எழுதும். அதை இன்னொரு இயந்திரம் மேற்கோள் காட்டும். அதை நம்பி எங்கோ ஒரு மருத்துவமனையில் இருந்த நோயாளிகளுக்கு ஊசி போட்டார்கள். அவர்கள் செத்த பிறகுதான் 'மூலம்' என்ற பொதுக் களஞ்சியம் வந்தது. அதன் விதி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு மேற்கோளுக்கும் பின்னால் ஒரு உடம்பு இருக்க வேண்டும். உயிரோடு இருக்கிற உடம்பு, இல்லாவிட்டால் இறந்துபோனதற்குச் சான்று உள்ள உடம்பு. அரசுப் பதிவுகளில் ஆளைத் தேடி எடுத்து மூலமே படத்தை ஒட்டும்; இரண்டு விதமாகவும் ஆள் கிடைக்காத பெயர் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறி உள்ள ஆவணம் அச்சாகாது. எந்த நீதிமன்றமும் அதைக் கையால் தொடாது. அந்த விதி வேண்டுமென்று கையெழுத்துப் போட்டவர்களில் மரகதமும் ஒருத்தி.

அவள் ரெஜினாவைக் கூப்பிட்டாள். தரமணியில் இருந்த அந்த ஆய்வு நிறுவனத்தின் பதிப்புப் பிரிவை ரெஜினாதான் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மதியம் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். ரெஜினா படத்தைப் பார்த்தாள், யாரென்று கேட்டாள், பதிலைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்தார்கள். பழைய தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள். முதல் ஓட்டத்தில் நிரல் மேற்கோள்களைப் பொறுக்கும், அடுத்ததில் மூலத்திலிருந்து விவரங்களை இழுக்கும், அதற்கடுத்ததில் இடம்பார்த்துப் பொருத்தும். மூன்றும் ஒழுங்காகவே நடந்தன. பெயரைத் துண்டாக்கிவிடாதே என்று நிரலுக்குச் சொல்வதற்காக நெளிவு அடைப்புக்குறி போட்டுப் பார்த்தார்கள். காற்புள்ளியை இடம் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் தலைமையாசிரியர் உலகநாதன் வந்து நின்றார்.

"நம்ம ஃபைல்ல தப்பு இல்ல," என்றாள் ரெஜினா. "மூலம்தான் இப்படி முடிவு பண்ணியிருக்கு. நீ முதல் கட்டுரைக்குப் பேர் எப்படிக் குடுத்த?"

மரகதத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உ. மரகதம் என்றுதான் அனுப்பினாள். தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். மரகதம் உலகநாதன் என்று எழுதினாள். மேல்நாட்டு வழக்கப்படி கடைசியில் இருப்பது குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு 'உலகநாதன், ம.' என்று திருப்பிப் போட்டுவிட்டார்கள். வெளிநாட்டுக் கூட்டங்களில் அவளை டாக்டர் உலகநாதன் என்று மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவளும் எழுந்து போவாள்.

அவள் அப்பா மருதமுத்துவின் மகன். ம. உலகநாதன். அருப்புக்கோட்டையில் வேதியியல் நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர்.

"எழுத்துக்கு எழுத்துப் பொருந்துது," என்று ரெஜினா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அதும் கெமிஸ்ட்ரி வாத்தியாரு. மூலத்த எப்படிக் குத்தம் சொல்றது? நமக்கெல்லாம் குடும்பப் பேரா இருக்கு? அப்பன் பேருதானே இருக்கு."

அப்படியானால் தானே நேராக மூலத்தில் போய், இது நான் எழுதியது என்று உரிமை கோரிவிடலாமே என்றாள் மரகதம். ரெஜினா அவள் பெயரைப் போட்டுத் தேடினாள். பிறகு திரையை மரகதத்தின் பக்கம் திருப்பினாள். உ. மரகதம், தகப்பன் பெயர் உலகநாதன், பிறந்த ஊர் அருப்புக்கோட்டை. போன வருஷம் காலமானதாக நகராட்சிப் பதிவு.

மரகதம் பால்ராஜைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட வாரத்தில் உலகநாதன் அவளைத் தலைமுழுகினார். பால்ராஜ் வேறு சாதி. அதற்கு மேல் அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை. பதினாறாம் நாள் காரியம் செய்து ஊருக்குச் சாப்பாடு போட்டார் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அம்மா இறந்தபோது எல்லாம் முடிந்த பிறகுதான் தகவல் வந்தது. அதெல்லாம் அவள் பழகிக்கொண்ட விஷயங்கள். காகிதத்திலும் சாகடித்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது. காரணத்தை யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. தம்பி கதிரேசன் பேருக்கு வீட்டை எழுதிவைக்கும்போது இன்னொரு வாரிசு குறுக்கே வரக்கூடாது.

"என் சம்பளம், பாஸ்போர்ட் எல்லாம் இருக்கே," என்றாள்.

"இருக்கு. ஆனா மூலம் அத எப்படிப் பார்க்கும்? செத்துப்போன ஒருத்தி பேர்ல ஒரு பொம்பள நடமாடறான்னு பார்க்கும். போலிக் கட்டுரை வித்தவங்க எல்லாம் செத்தவங்க பேரத்தானே வாங்கி வித்தாங்க." ரெஜினா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு வழிதான் இருக்கு. மூலத்துக்காக ஆள அடையாளம் பாத்துப் பதியறாரே ஆள்சான்று அலுவலர், அவர் முன்னாடி உங்கப்பா வாயால சொல்லணும். நான் எழுதல, என் பொண்ணு எழுதினது, அவ உயிரோட இருக்கான்னு. அவர் வார்த்த போதும். அன்னிக்கே மாத்திடுவாங்க."

மத்தியானம் ஓடைக்கரையிலிருந்து மயிலாத்தாள் பேசினாள். மரகதம் அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் கிணற்றுக் கயிறு பிடித்தவள் அவள்தான். அவள் வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று தடவை இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். ஊரில் அப்படி வீட்டுக்கு ஒருத்தர் இருந்தார். திங்கட்கிழமை அறிக்கை வந்துவிடுமா என்று மட்டும் கேட்டாள். வந்துவிடும் என்று மரகதம் சொன்னாள்.

அருப்புக்கோட்டைக்குக் கூட வருகிறேன் என்று பால்ராஜ் எவ்வளவோ சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். கல்யாணமான புதிதில், என் பேரை வேண்டுமானால் பின்னால் போட்டுக்கொள் என்று அவர் ஒரு தடவை சொன்னதுண்டு. அவள் மறுத்துவிட்டாள். அப்பாவின் எழுத்தை எடுத்துவிட்டால், மகள் செத்துவிட்டாள் என்று அப்பா சொன்னது நிஜமாகிவிடும் என்பது அவள் எண்ணம். பால்ராஜ் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

சனிக்கிழமை காலை அருப்புக்கோட்டையில் அந்த வீட்டு வாசலில் அலுவலர் அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தார். தாலுகா அலுவலகத்திலிருந்து இந்த வேலைக்கு மாற்றப்பட்டவர், நடுத்தர வயது, கையில் ஒரு சின்னப் பதிவுக் கருவி. கதிரேசன்தான் கதவைத் திறந்தான். மரகதத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. உள்ளே போய், இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

உலகநாதன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு சுருங்கியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்க. உக்காருங்க," என்றார், மரகதத்தைப் பார்த்து. "பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

அலுவலருக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. மரகதத்துக்குப் பட்டது. இந்த வீட்டில் அவளுக்கு வா, போ, உக்காரு, எந்திரி என்பது தவிர வேறு வார்த்தை கிடையாது. அடித்தபோதுகூட நீ என்றுதான் அடித்திருக்கிறார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். ஓடைக்கரையில் என்ன நடக்கிறது, அறிக்கை ஏன் திங்கட்கிழமைக்குள் வேண்டும், மூலத்தில் பெயர் எப்படி மாறிப்போனது என்று கோவையாகச் சொன்னாள். மாணவி பாடம் ஒப்பிப்பதைப்போல அவளுக்கே கேட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கட்டுரைகளைப் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கி, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, முதல் கட்டுரையை நிதானமாகப் படித்தார். ஒரு அட்டவணையின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். கதிரேசன் அறை வாசலில் நின்றுகொண்டு அக்காவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். பொய்ச் சான்றிதழ் வெளியே வந்தால் வீடும் போகும், அவனும் உள்ளே போவான்.

"நல்லா எழுதியிருக்கு," என்றார் உலகநாதன்.

அலுவலர் கருவியை மேஜைமேல் வைத்தார். "ஐயா, இதெல்லாம் நீங்க எழுதினதா?"

"இல்ல. அடுத்தவங்க உழைப்ப என்னுதுன்னு சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது."

"அப்போ யாரு எழுதினது?"

"என் மக. மரகதம்."

அந்த வாயில் தன் பெயரைக் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு கணம், எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தாள். அலுவலரும் அப்படி நினைத்திருக்க வேண்டும். சின்னப் புன்னகையோடு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அவங்க இப்போ இருக்காங்களா?"

"இல்ல," என்றார் உலகநாதன். "தவறிட்டா. நகராட்சியில பதிஞ்சிருக்கு, பாத்துக்கங்க."

"அப்பா," என்றாள் மரகதம்.

அவர் திரும்பவில்லை. அலுவலர் இரண்டு பேரையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த வேலையில் எத்தனை வீடுகளைப் பார்த்திருப்பார். கருவியை நிறுத்திவிட்டு, "மேடம், நீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் உலகநாதன் சொன்னார். "அவளோட வேலை பாத்தவங்க. மெட்ராஸ்லேருந்து வந்திருக்காங்க."

அலுவலர் மரகதத்தின் பக்கம் குனிந்து, தான் செய்யக்கூடியதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். நான்தான் மரகதம் என்று அவள் சொன்னால் அதையும் பதிவு செய்வார். இரண்டு வாக்குமூலமும் மதுரையில் இருக்கும் மேலதிகாரிக்குப் போகும். விசாரணை முடிய ஒரு வருஷமாவது ஆகும். அவள் ஜெயித்தும் விடலாம். ஆனால் அதுவரைக்கும் அந்தக் கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் கேள்விக்குறிதான். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால், பெரியவர் சொன்னபடி, இறந்துபோன மகளின் பேரில் இன்றைக்கே ஏறிவிடும். அறிக்கை திங்கட்கிழமை அச்சாகும்.

"பதிவு பண்ணட்டுமா மேடம்?"

உலகநாதன் கட்டுரைத் தாள்களை ஓரம் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் மயிலாத்தாளின் வீட்டுக்காரரை நினைத்தாள். ஒரு வருஷம் என்பது அவருக்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அதைக் கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதியவளே அவள்தான்.

"வேண்டாம்," என்றாள்.

அலுவலர் தலையைக் குனிந்துகொண்டு கருவியில் விரலை வைத்தார். முடிந்துவிட்டது என்றார். மன்னிச்சிருங்க என்பதுபோல் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினார்.

மரகதமும் எழுந்தாள். "சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார் உலகநாதன். பந்தி வைத்த வீட்டுக்காரர் வந்தவர்களைச் சொல்வாரே, அதே மாதிரி. அவள் தெருமுனை வரை போன பிறகு கதிரேசன் ஓடிவந்து அக்கா என்றான். உள்ளே போ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரெஜினா அலுவலகம் வந்து அறிக்கையை ஓட்டினாள். பட்டியல் சுத்தமாக வந்தது. 'உலகநாதன்' போய் 'மரகதம், உ.' என்று, அவள் முதன்முதலில் அனுப்பிய அதே பெயரும் தலைப்பெழுத்துமாக இருந்தது. பக்கத்தில் காலமானவர்களுக்குப் போடும் சின்னக் குறி. ரெஜினா அதை அழிக்க முடியுமா என்று பார்த்தாள். கொஞ்ச நேரம் வாய்க்கு வந்தபடி அந்தக் கிழவரைத் திட்டினாள். பிறகு, அவளுக்கே கூச்சமாக இருந்தது போலிருக்கிறது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு விதத்துல கேஸுக்கு நல்லதுதான். கட்டுரை எழுதினவங்களக் கூண்டுல ஏத்தணும்னு கம்பெனி வக்கீல் மனு போட்டிருந்தான் இல்ல? செத்தவங்களக் கூப்பிட முடியாது. எழுதினது எழுதினபடியே நிக்கும்."

அப்படியே நின்றது. சாய ஆலையின் வாய்க்கால்களை மூடச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஓடைக்கரைக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரங்கள் வைத்தார்கள். தீர்ப்பில் மறைந்த ஆய்வாளரின் உழைப்பைப் பாராட்டி ஒரு பத்தி இருந்தது. பால்ராஜ் அதைப் படித்துவிட்டு, தாளை மடித்து வைத்துவிட்டு, அடுக்களைக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினார்.

கொஞ்ச நாள் கழித்து வழக்குப் போட்டு உயிரை மீட்டுக்கொள்ளலாம் என்று மரகதம் நினைத்திருந்தாள். நிறுவனத்தின் வக்கீல் வேண்டாம் என்றார். அவள் உயிரோடு இருப்பது நிரூபணமானால், தீர்ப்பு எதன்மேல் நிற்கிறதோ அதுவே தகராறாகிவிடும். ஆலை அதற்குத்தான் காத்திருக்கிறது.

ஆகவே அவள் மூலத்தில் புதிய ஆளாகப் பதிந்துகொண்டாள். கணவர் பேரைச் சேர்த்து, மரகதம் பால்ராஜ். இதற்கு முன் ஒரு வரிகூட எழுதியிராத ஆள். புதிய கட்டுரை ஒன்று எழுதி அனுப்பினாள். பழைய கட்டுரைகளில் தான் விட்டிருந்த ஒரு தவறைத் திருத்துவதற்காக எழுதியது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டுரையாளர் துறைக்குப் புதியவர் என்று தெரிகிறது, மறைந்த மரகதத்தின் ஆய்வுகளை இன்னும் கவனமாகப் படித்திருக்கலாம் என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். ரெஜினாவிடம் அதைச் சொல்லிச் சிரிக்க முயன்றாள். ரெஜினா சிரிக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் மயிலாத்தாள் பேசினாள். அவள் குரல் வழக்கம்போல் இல்லை. ஆலைக்காரர்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள், அவர்களுடைய ஆட்கள் இரண்டு நாளாக ஊரில் வீடு வீடாக நுழைகிறார்கள் என்றாள். தண்ணீர் எடுக்க வருவார்களே ஒரு அம்மா, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், சமீபத்தில் வந்தார்களா, படம் ஏதாவது இருக்கிறதா என்று குழந்தைகளிடம்கூடக் கேட்கிறார்களாம்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் மரகதம்.

"செத்துப் போயிட்டாங்கன்னு சொல்லிப்போட்டமுங்க," என்றாள் மயிலாத்தாள். "ஊரே கோயில்ல கூடிப் பேசி அப்படித்தானுங்க சொல்றது. எங்க வீட்டுக்காரரு கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டே சொன்னாருங்க. நம்பிட்டுப் போயிட்டாங்க." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வராம இருக்கோணுங்க மேடம். யாராச்சும் பாத்துப்போட்டா எல்லாம் போயிருமுங்க."

அவளுடைய வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று மரகதம் கேட்டாள். இப்போது கொஞ்சம் எழுந்து நடக்கிறார் என்றாள் மயிலாத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்."

"இல்ல," என்றாள் மரகதம். "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."